120 மணி நேரமும் 968 நாள்களும்

1987 ஜூலை 29 அன்று இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜே. ஆர். ஜெயவர்த்தனேவும் கொழும்பில் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் இரண்டு கெடுக்கள் மணிக்கணக்கில் குறிக்கப்பட்டிருந்தன. கையெழுத்தான 48 மணி நேரத்துக்குள் சண்டை நிற்க வேண்டும். நின்ற 72 மணி நேரத்துக்குள் போராளிகள் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும். கூட்டினால் 120 மணி நேரம், அதாவது 5 நாள். இந்தியப் படையின் முதல் அணிகள் ஜூலை 30-ல் இலங்கையில் இறங்கின. கடைசிக் கப்பல் 1990 மார்ச் 24-ல் திருகோணமலையை விட்டுக் கிளம்பியது. இடைப்பட்ட காலம் 968 நாள். தாளில் எழுதியதைப் போல் ஏறத்தாழ 194 மடங்கு.

மற்றக் கெடுக்களுக்கும் இதே கதிதான். மாகாணசபைத் தேர்தல் 1987 டிசம்பர் 31-க்குள் நடக்க வேண்டும் என்றது ஒப்பந்தம். வடகிழக்கில் அது நடந்தது 1988 நவம்பர் 19-ல், ஏறக்குறைய 11 மாதம் பிந்தி. வடக்கோடு சேர்ந்திருப்பதா என்று கிழக்கு மாகாண மக்களைக் கேட்கும் வாக்கெடுப்பு 1988 டிசம்பர் 31-க்குள் என்றிருந்தது. அது நடக்கவே இல்லை.

நான் தில்லியில் படித்து வளர்ந்தவன். இப்போது பிழைப்பு டொராண்டோவின் ஸ்கார்பரோவில். அங்கே என் அண்டை வீட்டாரில் பெரும்பாலோர் யாழ்ப்பாணத்துக்காரர்கள். ஒரு கல்யாணம், ஒரு சாவு, ஒரு வீடு கட்டிய வருஷம் எதைச் சொன்னாலும் "அது இந்தியன் ஆமி காலம்" என்று அடையாளம் சொல்கிற தலைமுறை இன்னும் இருக்கிறது. கையெழுத்தை நான்தான் போட்டேன் என்பதுபோல என்னிடம் விவரம் கேட்பார்கள். அவர்களுடைய அனுபவத்துக்குப் பதில் சொல்ல எனக்குத் தகுதியில்லை. தில்லியின் எண்களை வரிசையாக வைக்க முடியும்; இந்தக் கட்டுரை அவ்வளவுதான்.

முதல் எண் 30 கிராம். 1987 ஜூன் 3-ல் ராமேஸ்வரத்திலிருந்து நிவாரணப் பொருளோடு போன 19 படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. மறுநாள் 5 ஏஎன்-32 விமானங்கள், மிராஜ் போர் விமானங்களின் காவலோடு, யாழ்ப்பாணத்தின்மேல் சுமார் 25 டன் பொருளைப் போட்டன. 1981 கணக்கெடுப்பின்படி அன்றைய யாழ் மாவட்டத்தின் மக்கள்தொகை 8,30,552. பங்கு போட்டால் தலைக்கு 30 கிராம், ஒரு கைப்பிடி அரிசிக்கும் குறைவு. பசியாற்ற அனுப்பிய அளவு அல்ல இது. கொழும்புக்கு அனுப்பிய தகவல். அந்த வகையில் அது பலித்தது, 55-ஆம் நாள் ஒப்பந்தம் வந்தது. ஒப்பந்தத்துக்குப் பின் 73-ஆம் நாள், அக்டோபர் 10-ல், விடுதலைப் புலிகளுக்கு எதிரான ஆபரேஷன் பவன் தொடங்கியது. அரிசி போட்ட நாளிலிருந்து குண்டு போட்ட நாள் வரை 128 நாள்.

அடுத்தது 29. அக்டோபர் 11 இரவு, புலிகளின் தலைமையைப் பிடிக்கும் திட்டத்தில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் திடலில் ஹெலிகாப்டர்களிலிருந்து படைகள் இறக்கப்பட்டன. பாரா கமாண்டோக்கள் முதலில் இறங்கினர். பின்னால் 13-ஆவது சீக்கிய இலகு காலாட்படையின் 30 பேர் இறங்கினர். சுடுதல் கடுமையானதால் அடுத்த நடைகள் நின்றுபோயின. இறங்கிய 30 பேரும் தனித்துவிடப்பட்டனர். விடிந்த பிறகும் சண்டையிட்டு 29 பேர் இறந்தார்கள், ஒருவர் சிறைபிடிக்கப்பட்டார். 96.7 சதவீதம். அந்தச் சிறு அணியில் நடந்ததை மொத்தப் படைக்கும் பொருத்துவது தவறு. ஆனால் அக்டோபர் 10-க்கு முந்தைய தில்லியின் மதிப்பீடு எதிராளியை எவ்வளவு குறைத்து எடை போட்டிருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான எண் எனக்குக் கிடைக்கவில்லை.

இந்தியப் படையில் 1,165 பேர் இறந்தனர், 3,009 பேர் காயமடைந்தனர். வெளியுறவு அமைச்சராக இருந்த ஜஸ்வந்த் சிங் 1999 டிசம்பரில் மாநிலங்களவைக்குக் கொடுத்த கணக்கு இது. சண்டை நடந்த 896 நாள்களுக்குப் பிரித்தால் 18 மணி 27 நிமிடத்துக்கு ஓர் உயிர். கார்கிலில் இறந்தவர்கள் 527. இலங்கையில் அதைப் போல் 2.2 மடங்கு. 1947-48 காஷ்மீர்ப் போரின் அதிகாரபூர்வக் கணக்கு 1,104. அதைவிட 61 பேர் கூடுதல். 1971 போரின் 3,843-உடன் வைத்தால் 30 சதவீதம். ஆனால் 1971 என்றால் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். இலங்கையை இந்தப் பட்டியலில் போர் என்று எழுதிய பாடநூல் எதையும் நான் தில்லிப் பள்ளியில் படித்ததில்லை.

போரா, அமைதி காப்பா என்ற கேள்விக்குக் காயமடைந்தோர் கணக்கு ஒரு விடை வைத்திருக்கிறது. இறந்த ஒருவருக்குக் காயமடைந்தவர் எத்தனை பேர் என்று பார்க்கலாம். 1971-ல் 3,843-க்கு 9,851, விகிதம் 2.56. கார்கிலில் 527-க்கு 1,363, விகிதம் 2.59. இலங்கையில் 1,165-க்கு 3,009, விகிதம் 2.58. மூன்றும் நூறில் மூன்று பங்கு வித்தியாசத்துக்குள் அடங்குகின்றன. காயம்பட்டவரைத் தூக்கி வரும் வசதி, நிலம், ஆயுதம் எல்லாம் மூன்றிலும் வேறு. எனவே இந்த ஒற்றுமையில் தற்செயலுக்கும் இடமுண்டு. அப்படியே வைத்துக்கொண்டாலும், "அமைதி காக்கும் படை" என்ற பெயர்ப்பலகைக்குப் பின்னால் இருந்த சேதம், இந்தியா போர் என்று ஒப்புக்கொண்ட போர்களின் சேதத்தை அச்சு அசலாக ஒத்திருக்கிறது.

அரசே இதை மறைமுகமாக ஒப்புக்கொண்டிருக்கிறது, விருதுகளில். அமைதிக் கால வீரத்துக்கு உயரிய விருது அசோக சக்ரா. எதிரியின் முன் காட்டிய வீரத்துக்குப் பரம் வீர் சக்ரா. 1947 முதல் இன்றுவரை பரம் வீர் சக்ரா பெற்றவர்கள் 21 பேர் மட்டுமே. அவர்களில் ஒருவர் 8-ஆவது மஹார் படைப்பிரிவின் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன், 1987 நவம்பர் 25-ல் யாழ்ப்பாணத்தில் இறந்தவர். பம்பாயில் பிறந்த தமிழர். விருதுப் பிரிவில் போர், பெயரில் அமைதி.

ஐ.நா. கொடியின் கீழ் இந்தியா அனுப்பியது வேறு வகை. 1950-களிலிருந்து 2.9 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் ஐ.நா. அமைதிப் பணிகளில் இருந்திருக்கிறார்கள். சுமார் 180 பேர் இறந்திருக்கிறார்கள். வேறெந்த நாடும் இவ்வளவு பேரை இழக்கவில்லை. 70 ஆண்டில் 180. இலங்கையில் 32 மாதத்தில் அதைப் போல் ஆறரை மடங்கு.

இனிப் பணம். அரசுத் தரப்பில் சொல்லப்படும் செலவு 1,030 கோடி ரூபாய். 968 நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 1 கோடியே 6 லட்சம். 1987-88 முதல் 1989-90 வரை மூன்று நிதியாண்டுகளில் இந்தியாவின் பாதுகாப்புச் செலவு மொத்தம் ஏறத்தாழ 40,000 கோடி. அதில் 1,030 கோடி என்பது 2.6 சதவீதம். 1991 கணக்கெடுப்பின் 84.6 கோடி மக்களுக்குப் பங்கிட்டால் தலைக்கு 12 ரூபாய் 17 காசு. தில்லியில் அந்நாளில் சிலர் தேநீர் குடிக்கிற காசு. யாரும் ஏன் கேட்கவில்லை என்பதற்கு இந்த 12 ரூபாயே பாதி விளக்கம் என்பது என் எண்ணம். வரியாக உறைக்காத போர் வாக்காகவும் உறைப்பதில்லை.

தங்கத்தில் மாற்றினால் தொகை வேறு முகம் காட்டுகிறது. 1988, 1989-ல் உள்நாட்டுச் சந்தையில் 10 கிராம் தங்கம் சுமார் 3,100 ரூபாய். 1,030 கோடிக்கு 33 டன் வரும். 1991 ஜூலையில், அந்நியச் செலாவணி வற்றிய நிலையில், ரிசர்வ் வங்கி அடமானமாக வெளிநாட்டுக்கு அனுப்பிய தங்கம் சுமார் 47 டன். ஒன்றை மற்றொன்றின் காரணமாக்க முடியாது. இலங்கைச் செலவில் பெரும்பகுதி ரூபாயில், 1991 நெருக்கடியோ டாலரில். அளவைப் புரிந்துகொள்ள மட்டும்: அடமானம் போன தங்கத்தின் 70 சதவீத எடை.

1,030 கோடி என்பது அந்த ஆண்டுகளின் செலவு. 3,009 காயமடைந்தோரில் கையோ காலோ இழந்தவருக்கு அடுத்த 30, 40 ஆண்டுகள் கொடுக்கும் ஓய்வூதியம் அந்தத் தொகைக்குள் அடங்காது. விதவைகளுக்கான குடும்ப ஓய்வூதியமும் அப்படியே. 1987-ல் 22 வயதில் விதவையானவருக்கு 2025-ல் வயது 60. போர் முடிந்து முப்பத்தைந்து ஆண்டுக்குப் பின்னும் மாதம் முதல் தேதி அந்தச் செலவு நிகழ்ந்துகொண்டிருக்கிறது.

எதிர்ப்பக்கம் போவோம். இந்தியத் தரப்பில் இறந்தவர்கள் 84.6 கோடியில் 1,165 பேர், அதாவது 7 லட்சத்து 26 ஆயிரம் பேருக்கு ஒருவர். யாழ் மாவட்டத்தில் இரண்டே இரண்டு சம்பவங்களை மட்டும் எடுக்கிறேன். 1987 அக்டோபர் 21, 22-ல், தீபாவளி நாளிலும் மறுநாளிலும், யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் நோயாளிகள், மருத்துவர்கள், தாதியர் உட்பட 60-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். 1989 ஆகஸ்ட் தொடக்கத்தில் வல்வெட்டித்துறையில் கொல்லப்பட்ட பொதுமக்களும் 60-க்கு மேல். குறைந்தபட்சமாக 120 என்று வைத்தாலே 6,900 பேருக்கு ஒருவர். விகிதத்தில் இந்தியாவின் இழப்பைப் போல் 105 மடங்கு, அதுவும் 968 நாளில் ஒருசில நாள்களின் கணக்கு. படைவீரர் இழப்பைக் கடைசி இலக்கம் வரை எண்ணி நாடாளுமன்றத்தில் வைக்க முடிகிறது. பொதுமக்களுக்கு அப்படி ஓர் எண் அவையில் பேசப்படுவதில்லை. இந்தியன் ஆமி காலம் என்று என் அண்டை வீட்டார் சொல்லும்போது அவர்கள் மனதில் இருப்பது 1,165 அல்ல, விட்டுப்போன அந்தப் பத்திதான்.

தலையீட்டின் நோக்கங்களில் ஒன்று அகதிகள் திரும்பிப் போக வழி செய்வது. 1983 ஜூலைக்கும் 1987 ஜூலைக்கும் இடையில் தமிழகம் வந்தவர்கள் 1,34,053 பேர். 1987 டிசம்பருக்கும் 1989 ஆகஸ்டுக்கும் இடையில், இந்தியப் படை அங்கே இருக்கும்போதே, திரும்பிப் போனவர்கள் 25,585 பேர், 19 சதவீதம். 1989 ஆகஸ்ட் கடைசியில் அடுத்த அலை தொடங்கியது. 1991 ஏப்ரல் முடிய 1,22,078 பேர் வந்து சேர்ந்தார்கள். போன ஒருவருக்கு வந்தவர் 4.8 பேர். இந்த இரண்டாம் அலையில் பெரும்பகுதி 1990 ஜூனில் மூண்ட அடுத்த போரின் விளைவு. அதை முழுவதும் இந்தியப் படையின் கணக்கில் எழுத முடியாது. ஆனால் படையை அனுப்பிய நோக்கத்தின் எதிரே வைக்க வேண்டிய எண் இதுதான்.

அரசியல் வரவு என்று ஒன்று உண்டு: 1987 நவம்பரில் நிறைவேறிய இலங்கை அரசமைப்பின் 13-ஆவது திருத்தம். தில்லி இன்றும் கொழும்பிடம் அதை நினைவூட்டிக்கொண்டே இருக்கிறது. பயனை மாதக் கணக்கில் அளக்கலாம். இணைந்த வடகிழக்கு மாகாண அரசு 1988 டிசம்பரிலிருந்து 1990 மார்ச் வரை, சுமார் 15 மாதம் இருந்தது. 2006-ல் இலங்கை உச்ச நீதிமன்றம் இணைப்பு செல்லாது என்றது. வட மாகாணசபைக்கு முதல் தேர்தல் 2013 செப்டம்பரில். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 38 இடங்களில் 30-ஐ வென்றது. 2018 அக்டோபரில் காலம் முடிந்தது. அது 60 மாதம். திருத்தம் நிறைவேறியதிலிருந்து 2024 முடிய 445 மாதங்கள். அவற்றில் வடக்கில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாகாண அரசு இருந்தது 75 மாதம், 17 சதவீதம். பூஜ்யம் அல்ல. 1,165 உயிருக்கும் 1,030 கோடிக்கும் இது போதுமா என்று கேட்டால், போதாது என்பேன்.

அந்த ஆண்டுகளில் தில்லியால் வேறு விதமாகவும் முடிந்தது என்பதற்கு 1988 நவம்பர் 3 சாட்சி. மாலத்தீவில் சுமார் 80 கூலிப்படையினர், பெரும்பாலும் பிளாட் இயக்கத்தைச் சேர்ந்த இலங்கைத் தமிழர்கள், ஆட்சியைப் பிடிக்க முயன்றார்கள். ஆக்ராவிலிருந்து பறந்த இந்தியப் படை அன்றிரவு இறங்கியது. மறுநாள் காலைக்குள் தலைநகர் மாலே கைக்கு வந்தது. அதே பிரதமர், அதே சவுத் பிளாக், விமானப் பாதையும் யாழ்ப்பாணத்துக்குக் குறையாத தூரம். தீவின் அளவு வேறு, எதிரியின் பலம் வேறு என்பது சரி. ஆனால் இலக்கு ஒன்றே ஒன்றாக இருந்ததும், அழைத்தவரும் எதிர்த்தவரும் நடுவில் மாறாமல் இருந்ததும் அங்கேதான். இலங்கையில் 1987 ஜூலையில் யாரைக் காக்கப் போனோமோ அவர்களின் ஊரில் அக்டோபரில் சண்டை. 1989 ஜூனில் அழைத்த நாட்டின் புதிய அதிபர் பிரேமதாசாவே ஜூலை 29-க்குள் வெளியேறச் சொன்னார். 22 மாதத்தில் இரண்டு தரப்பும் எதிரே நின்றன.

இந்திய அரசமைப்பின்படி வெளிநாட்டுக்குப் படை அனுப்ப நாடாளுமன்றத்தின் முன் ஒப்புதல் தேவையில்லை. அது நிர்வாக அதிகாரம். தில்லியிலிருந்து யாழ்ப்பாணம் நேர்கோட்டில் சுமார் 2,100 கி.மீ., ராமேஸ்வரத்திலிருந்து சுமார் 90 கி.மீ. முடிவு தில்லியில் எடுக்கப்பட்டது, விளைவு படகேறி வந்தது ராமேஸ்வரத்துக்கு. 1990 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் திரும்பிய படையை வரவேற்க முதல்வர் கருணாநிதி போகவில்லை. அதற்காக அவரைத் தில்லியில் இன்றும் திட்டுபவர்கள் உண்டு. 90-க்கும் 2,100-க்கும் உள்ள வித்தியாசத்தை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை.

தில்லி பாடம் கற்றதா? 2003-ல் அமெரிக்கா ஈராக்குக்கு ஒரு டிவிஷன், சுமார் 17,000 பேர், கேட்டது. ஜூலை 14-ல் வாஜ்பாய் அரசின் பாதுகாப்புக்கான அமைச்சரவைக் குழு மறுத்தது, ஐ.நா. ஆணை இருந்தால் பரிசீலிப்போம் என்றது. உள்நாட்டு எதிர்ப்பு, வளைகுடாவில் இருந்த இந்தியத் தொழிலாளர்கள் எனக் காரணங்கள் பல. 13 ஆண்டுக்கு முந்தைய 1,165-உம் அந்த மேசையில் இருந்திருக்கும் என்பது என் ஊகம், அதற்கு மேல் இல்லை.

நினைவுக்கும் ஒரு கால அட்டவணை உண்டு. 2015 மார்ச்சில் பிரதமர் மோடி கொழும்பை அடுத்த இந்திய அமைதிப்படை நினைவிடத்தில் அஞ்சலி செலுத்தினார். அப்போது, படை திரும்பி 25 ஆண்டு ஆகியும், இறந்தவர்களின் பெயரைத் தாங்கிய தேசிய நினைவிடம் தில்லியில் இல்லை. இந்தியா கேட்டுக்குப் பக்கத்தில் 40 ஏக்கரில், 176 கோடி ரூபாயில் கட்டிய தேசியப் போர் நினைவிடம் 2019 பிப்ரவரி 25-ல் திறக்கப்பட்டது. ஆளுக்கு ஒரு கருங்கல் பலகை, பொன்னிற எழுத்தில் பெயர்; திறந்தபோது 25,942 பெயர்கள். 1,165 அதில் 4.5 சதவீதம், 22 பலகைக்கு ஒன்று. மார்ச் 24, 1990-லிருந்து எண்ணினால் 28 ஆண்டு 11 மாதம்.

வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு பேச உனக்கென்ன உரிமை என்று தில்லி நண்பர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி, அதற்கும் எண் இருக்கிறது. 2024-25-ல் வெளிநாட்டிலிருப்போர் இந்தியாவுக்கு அனுப்பிய பணம் 13,546 கோடி டாலர். டாலருக்கு 84 ரூபாய் வீதம் 11.4 லட்சம் கோடி ரூபாய். அந்த ஆண்டின் பாதுகாப்பு பட்ஜெட் 6.22 லட்சம் கோடி. அனுப்பும் பணம் வரி அல்ல, வீட்டுச் செலவு, எனவே 1.8 மடங்கு என்று மார்தட்ட ஒன்றுமில்லை. வாக்கில் நிலைமை தலைகீழ். வெளிநாடுவாழ் இந்தியர் 1.58 கோடி, 2024 மக்களவைத் தேர்தலில் வெளிநாட்டு வாக்காளராகப் பதிந்தவர் 1,19,374, நேரில் வந்து வாக்களித்தவர் 2,958. பத்தாயிரத்துக்கு இரண்டு பேர்கூட இல்லை. அவர்களிலும் பெரும்பாலோர் கேரளத்துக்காரர்கள். என் ஒரு வாக்குக்கு டொராண்டோவிலிருந்து விமானம் ஏற வேண்டும். ஆக, என் கருத்துக்கு தில்லியில் உள்ள எடை எனக்குத் தெரியும். நான் கேட்பதும் பெரிதல்ல: இனி வெளிநாட்டுக்குப் படை போகுமானால், எத்தனை பேர், எத்தனை நாள், எவ்வளவு செலவு என்ற மூன்று எண்களைப் போவதற்கு முன் அவையில் வைக்க வேண்டும். பிறகு அவை தப்பலாம். 120 மணி நேரம் 968 நாள் ஆனதுபோலத் தப்பலாம். தப்பிய அளவைக் கேட்கவாவது ஒரு முதல் எண் இருக்கும்.

தமிழகத்தில் இன்னும் சுமார் 58,000 இலங்கைத் தமிழர்கள் முகாம்களில் இருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் மாநில அரசு அவர்களுக்கு 317.40 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தது; அதில் 7,469 வீடுகளுக்கு 231.54 கோடி, வீட்டுக்கு 3 லட்சத்து 10 ஆயிரம். மொத்தத் திட்டமும் 1,030 கோடியின் 31 சதவீதம், 34 ஆண்டு பணவீக்கத்தைக் கழிக்காமல். பாதுகாப்பு அமைச்சகத்தின் கணக்கு அல்ல இது. இந்தச் செலவைப் பார்த்துக்கொள்வது அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறை. முகாமில் இருப்பவரும் ஸ்கார்பரோவில் இருக்கும் நானும் மாநில அரசுக்கு எழுத வேண்டுமானால் ஒரே முகவரிக்குத்தான் எழுத வேண்டும்.